கூட இருப்பது யார் முறை?

மதுரை பெரியாஸ்பத்திரியில் ஒருவரைச் சேர்த்து, கட்டில் காட்டி, ட்ரிப் ஏற்றி முடித்ததும் செவிலியர் கேட்கிற கேள்வி: "பேஷண்ட் கூட யாரும்மா இருக்கீங்க?" கட்டிலைச் சுற்றி மகன், மருமகன், கொழுந்தன், பங்காளி என்று நாலைந்து ஆண்கள் நிற்பார்கள். எல்லார் கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். அங்கே நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் நிற்பார். மருமகளாக இருக்கலாம், மகளாக இருக்கலாம், கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த தங்கச்சியாக இருக்கலாம். அன்றைக்கு அவருக்கு வேலை இருந்ததா, கடையில் சொல்லிவிட்டு வந்தாரா, நாளைக் கூலி போகுமா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கேட்பதில்லை. அவரும் சொல்வதில்லை. வீட்டிலிருந்து பாயும் ஃப்ளாஸ்க்கும் மாற்றுச் சேலையும் வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்.

பெண்கள் வார்டில் இரவில் ஆண்களைத் தங்க விடுவதில்லை, வாஸ்தவம். ஆனால் ஆண்கள் வார்டிலும் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்திருப்பது பெரும்பாலும் பெண்தானே. அந்தப் பெண்ணின் சம்பாத்தியம் என்ன ஆகிறது என்பதைப் பற்றி இந்த ஊர் கூடிப் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நாற்பதிலிருந்து அறுபது வரை ஒரு பெண்ணுக்கு எல்லாம் ஒன்றாக வந்து விழுகிற காலம். மகன் பிளஸ் டூ படிப்பான். மகளுக்கு வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டியிருக்கும். மாமனாருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்திருக்கும். சொந்த அம்மா வாடிப்பட்டியில் தனியாக இருப்பார். கணவருக்குச் சர்க்கரை ஆரம்பித்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அவருக்குத் தொழில் கைபடிகிற காலமும் இதுதான். இடுப்பில் பிள்ளை இருந்தவரை எட்டிப் பார்க்க முடியாத வேலைக்கு இப்போதுதான் வழி திறந்திருக்கும். குழுவில் கடன் வாங்கி மெஷினோ கிரைண்டரோ வாங்கியிருப்பார்.

ஜெய்ஹிந்துபுரத்திலோ வில்லாபுரத்திலோ வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கும் ஒருவரை நினைத்துக்கொள்வோம். எந்தத் தெருவிலும் அப்படி ஒருவர் உண்டு. ஆவணி முகூர்த்தத்துக்கு லைனிங் ஜாக்கெட் பத்துப் பதினைந்து சேர்ந்திருக்கிறது. ஓரம் அடிக்கவும் ஃபால்ஸ் வைக்கவும் சேலைகள் வேறு பைகளில் காத்திருக்கின்றன. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிகிறது. ஆபரேஷன், வார்டு, வீடு என்று மூன்று வாரம். முதல் நாலு நாள் போன் வருகிறது. அப்புறம் துணியைக் கொடுத்தவர்களே வருகிறார்கள்: "பரவாயில்லக்கா, முதல்ல அத்தையப் பாருங்க." வெட்டாத துணி பையோடு திரும்பிப் போகிறது. போனவர்களுக்கு அடுத்த தெருவில் வேறு டெய்லர் கிடைத்துவிடுகிறார். தீபாவளிக்கு அவர்களில் பாதிப்பேர்கூடத் திரும்பி வர மாட்டார்கள். குழுக் கடனின் தவணை மட்டும் தவறாமல் வரும். ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்திருக்கும். "கையை விட்டு ஒரு பைசா செலவில்லாம முடிஞ்சிருச்சு" என்று வீட்டுக்காரர் டீக்கடையில் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. மனைவியின் மூன்று வாரக் கூலியும் கைவிட்டுப்போன வாடிக்கையும் அவர் கணக்கில் செலவு என்ற பத்தியிலேயே வரவில்லை.

மதுரைப் பெண்கள் செய்கிற தொழில்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவது, அப்பளம் இடுவது, பூக்கட்டுவது, இட்லி மாவு அரைத்து விற்பது, வாசலில் பணியாரச் சட்டி வைப்பது. பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடப்பவை, பாதியில் கீழே வைத்துவிட்டு எழுந்து போகக்கூடியவை. மாமனார் கூப்பிட்டால் எழுந்து போய்ப் படுக்கையை மாற்றிவிட்டு வந்து விட்ட முடிச்சைத் தொடரலாம். தங்களுக்குப் பிடித்த தொழிலைப் பெண்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைவிட, வீட்டுப் பராமரிப்பு தனக்குத் தோதான தொழிலை அவர்களுக்குத் தேர்ந்து கொடுத்தது என்பதே பொருத்தம். இப்படிக் கிடைத்த தொழிலுக்கு எண்ணிக்கைக் கணக்கில்தான் கூலி. மணிக்கணக்கு கிடையாது, பேரம் கிடையாது, பி.எஃப். கிடையாது. மதுரைச் சுங்குடிக்கு 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. முடிச்சுப் போடுகிற கைகளுக்கு அந்தப் பெருமை கூலியாக வந்து சேர்ந்ததாகத் தெரியவில்லை.

பூ இன்னும் கறாரான எஜமானி. மல்லிகை மொட்டை விடியுமுன் பறிக்கிறார்கள். காலையில் மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு வருகிறது. சாயங்காலம் வெடித்துவிடும் என்பதால் அதற்குள் கட்டி முழம் போட்டாக வேண்டும். தையல் துணி ஒரு நாள் காத்திருக்கும், மல்லி காத்திருக்காது. குளிர்காலத்தில் வரத்துக் குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் விற்கிற நாட்களில், ஒரு பகல் ஆஸ்பத்திரி வரிசையில் நின்றால் அந்தப் பெண்ணுக்குப் போவது அன்றைய கட்டுக்கூலி மட்டுமல்ல, நாளைக்குப் பூ கொடுக்கிற வியாபாரியின் நம்பிக்கையும்தான்.

இதை உணர்ச்சிவசப்பட்ட பேச்சு என்று ஒதுக்குகிறவர்களுக்காக ஒரு கணக்கு. மத்திய புள்ளியியல் துறை 2024-இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிற பெண் அதற்கு நாளொன்றுக்கு 289 நிமிடம் கொடுக்கிறார். வீட்டு வேலை செய்கிற ஆண் 88 நிமிடம். இரண்டுக்கும் நடுவே மூன்று மணி இருபது நிமிடத்துக்கும் மேல் இருக்கிறது. 'செய்கிற ஆண்' என்பதைக் கவனிக்க வேண்டும்: அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள் இந்தச் சராசரியில் சேரவில்லை. வீட்டிலுள்ளவர்களைப் பராமரிப்பதைத் தனியாகப் பார்த்தால், 15 முதல் 59 வயது வரையுள்ள பெண்களில் 41 சதவீதம் பேர் அதில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 21.4 சதவீதம். ஈடுபடுகிறவர்களிலும் பெண்ணுக்கு 140 நிமிடம், ஆணுக்கு 74. இது நாடு முழுவதற்குமான கணக்கு. நம் தெரு அதைவிட ரொம்ப மாறுபட்டது என்று நினைப்பவர்கள் காலை ஆறு மணிக்கு எந்த அடுப்படியில் விளக்கு எரிகிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இனி வரப்போவது இதைவிடக் கூடுதல். அறுபது வயதைக் கடந்தவர்கள் 2021-இல் தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் இருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். கேரளத்துக்கு அடுத்த இடம். 2031-இல் அது 18.2 சதவீதமாகும் என்கிறது அதே கணிப்பு. பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். நம் அப்பத்தாவைப் பார்த்துக்கொள்ள நாலு மருமகள்களும் மூன்று மகள்களும் இருந்தார்கள். இன்றைக்கு நாற்பத்தைந்து வயதில் இருக்கும் பெண்ணுக்கு ஒன்றோ இரண்டோ பிள்ளைகள், அதிலும் ஒருவர் ஒசூரில், ஒருவர் துபாயில். ஏழு பேர் பகிர்ந்த சுமையை ஒருத்தியின் தோளில் வைத்துவிட்டு, 'அந்தக் காலத்துல எங்க ஆத்தா எல்லாத்தையும் ஒத்த ஆளாச் செஞ்சா' என்று சொல்வது சரியான கணக்காகாது. அந்த ஆத்தா ஒத்த ஆளாகச் செய்யவுமில்லை.

சம்பாதிப்பது எப்படி என்று இந்த மண்ணின் பெண்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அழகர்கோவில் பக்கம் புல்லுச்சேரியின் சின்னப்பிள்ளை எழுதப் படிக்கத் தெரியாதவர். வயல் வேலைக்குப் பெண்களைத் திரட்டிப் போய், பேசிய கூலியைக் கறாராகக் கேட்டு வாங்கியவர். 1990 வாக்கில் அந்தப் பகுதியில் தொடங்கிய களஞ்சியம் சேமிப்புக் குழுக்களை ஊர் ஊராகக் கொண்டு போனவர்களில் முன் நின்றவர். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்த்ரீ சக்தி விருதைக் கொடுத்த பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்ட படம் பலருக்கு நினைவிருக்கும். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. வாக்குக் கொடுத்த வீடு இன்னும் கைக்கு வரவில்லை என்று அவர் சொன்னது 2024-இல் செய்தியான பிறகுதான் மாநில அரசு அவருக்கு வீடு ஒதுக்கியது. பாராட்டை அன்றைக்கே கொடுத்துவிட்டுக் கூரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவது நம் எல்லாருக்கும் பழக்கமாகிவிட்டது.

களஞ்சியமும் மகளிர் சுய உதவிக் குழுக்களும் பெண் கையில் பணம் புழங்க வழி செய்தன. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சுமார் 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு சொன்னது. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகையாக மாதம் 1,000 ரூபாய் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்களின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. இலவசம் என்று இவற்றை ஏளனம் செய்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. திருமங்கலத்திலிருந்து மதுரைக்கு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு பஸ் காசு மிச்சமாவதற்கு என்ன அர்த்தம் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் இவை எல்லாமே பணமாகவும் பயணமாகவும் வருகின்றன. அவருக்கு இல்லாமல் போகிற பொருள் நேரம். பஸ் இலவசம்தான், பஸ் ஏறிவிட்டால் படுத்திருக்கும் மாமனாருக்குப் பதினோரு மணி மாத்திரையை யார் கொடுப்பது?

நேரத்தையும் அரசால் கொடுக்க முடியும் என்பதற்குச் சாட்சி நம்மூரிலேயே இருக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டையில் உள்ள ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில்தான் தொடங்கியது. பிள்ளைகள் பசியின்றிப் படிக்கிறார்கள் என்று அந்தத் திட்டத்தைப் பாராட்டுகிறோம், நியாயம். அதற்குள்ளே இன்னொரு காரியமும் நடந்தது. ஆயிரக்கணக்கான வீடுகளில் விடிகாலை அடுப்பு வேலையில் ஒரு பங்கு குறைந்தது. ஏழரை மணி ஷிப்டுக்கு ஓடுகிற அம்மாவும், மகள் வேலைக்குப் போனபின் பேரப்பிள்ளையைக் கிளப்பி அனுப்புகிற அம்மாச்சியும் அந்தக் குறைவை உடம்பால் உணர்ந்தார்கள். வீட்டுக்குள் ஒருத்தி தனியாகச் சுமந்த வேலையை ஊர் எடுத்துக்கொண்டபோது வானம் இடிந்து விழவில்லை. 'பெத்தவ ஆக்கிப் போடாத சோறு ஒரு சோறா' என்று எந்தப் பஞ்சாயத்தும் கூடவில்லை.

பிள்ளைக்குச் செய்ததை முதியவருக்கும் செய்யலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் அன்புச்சோலை என்ற பெயரில் முதியோருக்கான பகல்நேர மையங்கள் 25 அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரில் தொடங்கி வைக்கப்பட்டன. காலையில் கொண்டுவந்து விட்டு, மாலையில் அழைத்துப் போவது. சாப்பாடு, பிசியோதெரபி, பேச்சுத்துணை. நல்ல விதை. மாநிலம் முழுமைக்கும் 25 என்றால் விதை என்றுதான் சொல்ல முடியும். மதுரை மாநகராட்சியில் மட்டும் 100 வார்டுகள் இருக்கின்றன. இடமில்லை என்ற பேச்சை இந்த ஊரில் எடுக்கக் கூடாது. பிள்ளைகள் குறைந்து வகுப்பறைகள் பூட்டிக் கிடக்கும் பள்ளிகள், சமுதாயக் கூடங்கள், எல்லாச் சாதியாருக்கும் ஒவ்வொன்றாக நிற்கும் திருமண மண்டபங்கள். ஆடியும் மார்கழியும் வந்தால் அந்த மண்டபங்களில் வாட்ச்மேனைத் தவிர ஆளில்லை. முகூர்த்தமில்லாத நாட்களில் கீழ்த்தளத்தில் பத்துக் கட்டில் போடச் சங்கங்கள் சம்மதித்தால் புதுக் கட்டடத்துக்கு டெண்டர் விட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை.

பெற்றவர்களைக் கொண்டுபோய் வெளியே விடுவதா, ஊர் என்ன சொல்லும் என்பார்கள். முதியோர் இல்லம் வேறு, இது வேறு. வயதானவர்கள் தரப்பையும் யாராவது கேட்டுப் பார்க்கலாம். பகல் முழுக்க டிவிக்கு எதிரே தனியாகக் கிடப்பதைவிட நாலு பேரோடு உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவது எந்த அப்பத்தாவுக்கும் பிடிக்கும். ஜப்பானிலும் கால்நூற்றாண்டுக்கு முன்வரை மூத்த மருமகள்தான் மாமியாரைப் பார்க்க வேண்டும் என்ற வழக்கம் பலமாக இருந்தது. அங்கே 2000-இல் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதானால் ஆணும் பெண்ணும் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். காலையில் வேன் வந்து முதியவரை அழைத்துப் போகிறது. வேலையில் இருப்பவருக்கு, பராமரிக்க வேண்டிய ஒவ்வொரு உறவினருக்காகவும் மொத்தம் 93 நாள் விடுப்பு உண்டு, பிரித்தும் எடுத்துக்கொள்ளலாம். அத்தனை வசதி நமக்கு இன்றைக்கு எட்டாது என்பது தெரிந்ததே. பராமரிப்புக்கான செலவை நாற்பது வயது ஆணும் நேரடியாக ஏற்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு மட்டும் பெரிய பட்ஜெட் எதுவும் தேவைப்படாது.

ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பொதுப் பராமரிப்பு என்று நாம் பெருமைப்படுகிற எல்லாவற்றையும் தூக்கி நிறுத்துவது யார்? அங்கன்வாடியில், சத்துணவுக் கூடத்தில், காலை உணவுச் சமையலில் வேலை செய்கிறவர்கள், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி. மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருத்தெருவாக நடக்கிற தன்னார்வலர்கள் பெரும்பாலும் இதே வயதுப் பெண்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்த மருத்துவத் திட்டம் படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே வலிநிவாரணச் சிகிச்சையைக் கொண்டுவந்தது. அதைச் சுமப்பவர் கைக்குப் போவது ஊக்கத்தொகை. ஒரு வீட்டுப் பெண்ணுக்கு விடுதலை கொடுக்க இன்னொரு வீட்டுப் பெண்ணைக் குறைந்த காசுக்கு வேலை வாங்கினால், சுமை தெரு மாறியதே தவிர இறங்கவில்லை. அன்புச்சோலையை வார்டுக்கு வார்டு கேட்கிறவர்கள் அங்கே வேலை செய்யப்போகிறவருக்கு முறையான சம்பளத்தையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பயிற்சி பெற்ற முதியோர் பராமரிப்பாளர் என்பது நாற்பத்தைந்து வயதுப் பெண்ணுக்குக் கௌரவமான தொழிலாக முடியும்; சம்பளம் கௌரவமாக இருந்தால்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். அரசைக் கேட்பது சுலபம், அண்ணன் தம்பியைக் கேட்பதுதான் கஷ்டம். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கம் மொய் நோட்டு இல்லாத வீடு அபூர்வம். யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதி வைத்து, இருபது வருஷம் கழித்து அவர் வீட்டு விசேஷத்தில் கூடுதலாகத் திருப்பிச் செய்கிற சமூகம் இது. இப்போது மண்டபத்திலேயே கம்ப்யூட்டர் வைத்து ரசீது கொடுக்கிறார்கள். ஐநூறு ரூபாயை மறக்காத இந்த நோட்டில், மாமனார் மூச்சுத் திணறிய ராத்திரிகளில் முழித்திருந்தது யார் என்று ஒரு வரி இல்லை. எழுதலாமே என்றால் சிரிக்கிறார்கள். அந்த நோட்டின் பின்பக்கத்தில், கூடப் பிறந்தவர்கள் உட்கார்ந்து இரண்டு பத்தி போட்டால் போதும்: யார் எந்த நாள் கூட இருப்பது, வர முடியாதவர் என்ன கொடுப்பது. கோயம்புத்தூர் அண்ணன் அனுப்புகிற பணம் மருந்துக்கும் டயாப்பருக்கும் போய்விடுகிறது. பூக்கட்டும் வேலையை விட்டுவிட்டு அம்மாவைப் பார்க்கிற தங்கையின் கூலி இழப்புக்கு அதில் ஒரு ரூபாய் இல்லை. அதையும் கணக்கில் சேர்த்து, தங்கையின் கணக்குக்கே அனுப்ப வேண்டும், மச்சான் கணக்குக்கு அல்ல.

"பெத்த தாயப் பாக்கக் கூலியா?" என்று குரல் உயரும். தாய் எல்லாருக்கும் பொது; கூலியை இழந்தவர் ஒருவர் மட்டும். பாசம் இருக்கிறவரிடமிருந்துதான் பாசத்தின் பெயரால் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாசம் ஆண்களுக்கும் உண்டு. அதைக் கையால் காட்டச் சொல்கிறோம், அவ்வளவுதான். ஈரத்துணியால் உடம்பு துடைப்பது, இன்சுலின் ஊசி போடுவது, படுக்கைப் புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, கஞ்சியைப் புரையேறாமல் ஊட்டுவது: எல்லாமே நாலு நாளில் பழகுகிற வேலைகள். திருப்பிப் படுக்க வைக்கப் பலம் வேண்டும் என்பதால் ஆணுக்கே அது சுலபம். கீழமாரட் வீதியில் மூட்டை தூக்குகிறவரும் பன்னிரண்டு மணி நேரம் ஆட்டோ ஓட்டுகிறவரும் களைத்துத்தான் வீடு திரும்புகிறார்கள். அவர்கள் மீது பழி போட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரு பகலை அவர்கள் எடுத்துக்கொண்டால் மனைவிக்கு வாரத்தில் ஒரு முழு வேலை நாள் கிடைக்கும். வேலை நாள் என்றுதான் சொல்கிறோம். ஓய்வைப் பற்றிப் பேச இன்னும் வெகுதூரம் இருக்கிறது.

சட்டம் நம்மைவிட ஓரடி முன்னே போயிருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்த்த கணவர் அனுப்பிய பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்ற வழக்கில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவிக்கும் அதில் சம பங்கு உண்டு என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அவர் விடுமுறையின்றிச் செய்த வீட்டு வேலைதான் கணவர் கவலையின்றிச் சம்பாதிக்க வழி செய்தது என்பது தீர்ப்பின் சாரம். நீதிமன்றம் வரை போகாமலே இதைச் செய்யலாம். பத்து லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண் பெயரில் பதிவு செய்தால் 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. சலுகைக்காகவாவது பத்திரத்தில் அவர் பெயர் ஏறட்டும். நாளைக்குத் தனியாக நிற்க நேர்ந்தால் கால் ஊன்ற ஓர் இடம் வேண்டும்.

அடுத்தது முதலாளிகள். மாசி வீதிகளிலும் விளக்குத்தூண் பக்கத்திலும் கடை வாசல்களில் தொங்குகிற அட்டைகளைப் படித்திருப்பீர்கள்: 'சேல்ஸ் கேர்ள்ஸ் தேவை, வயது 18 முதல் 30'. நாற்பதில் வேலை தேடுகிற பெண்ணுக்குக் கதவு அந்த அட்டையிலேயே சாத்தப்படுகிறது. ஜவுளிக் கடைக்கு வருகிற கல்யாண வீட்டுக்காரம்மாவுக்கு எந்தச் சேலை எந்த உறவுக்கு எடுக்க வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் இருபது வயதுப் பெண்ணா, நாலு கல்யாணம் பார்த்த நாற்பத்தைந்து வயதுக்காரரா? கடை ஊழியருக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது, கேரளத்துக்கு அடுத்து. முழங்கால் வலி தொடங்கிய வயதினருக்கு இது தயவு அல்ல, உரிமை. எத்தனை கடைகளில் அந்த இருக்கை வெறும் சாமான் வைக்கிற ஸ்டூலாக இருக்கிறது என்பதைத் துணி எடுக்கப் போகும்போது நாமே பார்க்கலாம், கேட்கவும் செய்யலாம்.

சட்டமும் பிள்ளையோடு நின்றுவிடுகிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் திருத்தம் வந்தது. மத்திய அரசு ஊழியரான பெண்ணுக்குப் பிள்ளை வளர்ப்புக்கென்று பணிக்காலத்தில் 730 நாள் விடுப்பு உண்டு. படுத்திருக்கும் பெற்றோருக்கென்று தனி விடுப்பு கிடையாது. சொந்த ஈட்டிய விடுப்பைத்தான் கரைக்க வேண்டும். 1924-இல் மதுரையில் தொடங்கிய தமிழ்நாடு தொழில் வர்த்தகச் சங்கமும் சிறுதொழில் செய்வோரின் மடீட்சியாவும் டெல்லிச் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வருஷத்துக்குப் பத்து நாள் பராமரிப்பு விடுப்பு, ஆணுக்கும் சேர்த்து. திரும்பி வரும்போது அதே வேலை. காலை பத்திலிருந்து மூன்று மணி வரை ஒரு ஷிப்டு. விளம்பர அட்டையில் வயது வரம்பு வேண்டாம். உறுப்பினர்களிடம் இந்த நாலை எடுத்துச் சொல்ல ஒரு கூட்டம் போதும். ஆணுக்கும் சேர்த்து என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு மட்டும் விடுப்பு என்றால் பெண்ணை வேலைக்கு எடுக்காமல் இருக்க அதுவே சாக்காகிவிடும்; ஆணுக்கு, 'எனக்கு லீவு கிடையாதே' என்று தப்பிக்க வழியாகிவிடும்.

கிராமங்களில் தொடக்கம் இன்னும் எளிது. மதுரை மாவட்டத்தில் 420 ஊராட்சிகள். ஒவ்வொன்றிலும் மே 1 அன்று கிராம சபை கூட வேண்டும். உழைப்பாளர் நாளில் பேச இதைவிடப் பொருத்தமான விஷயம் வேறென்ன? ஊரில் படுக்கையில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்ற பட்டியல் மருத்துவத் தன்னார்வலரின் நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைச் சபையில் வாசிக்கச் சொல்லலாம். எந்தக் கட்டடத்தில் பகல்நேர மையம், அங்கே கைப்பிடி வைத்த கழிப்பறை உண்டா, சமைப்பவருக்கும் பார்த்துக்கொள்பவருக்கும் என்ன சம்பளம் என்று தீர்மானம் போட்டு ஆட்சியருக்கு அனுப்பலாம். மாநகராட்சி வார்டுகளில் பகுதி சபைகள் இருக்கின்றன. அவிழ்த்துவிட்ட மாடு, அடைத்துக்கொண்ட சாக்கடை இரண்டோடும் இந்த மூன்றாவதையும் கவுன்சிலர் முன் வைக்கலாம். தீர்மானத்தோடு ஒரு பட்டியலும் இணைக்க வேண்டியிருக்கும்: காலையில் முதியவரை மையத்துக்குக் கொண்டுவந்து விடுபவர் யார், மாலை ஐந்து மணிக்கு வந்து அழைத்துப் போகிறவர் யார். அந்த இரண்டு கட்டங்களிலும் மகன், பேரன், மருமகன் பெயர்களை அவரவர் வாயால் சொல்லச் சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுதுங்கள்.